நிமிர்ந்த அம்மனும் திறக்காத பெட்டகமும்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை. ரொட்டி சானாயைப் பிய்த்து வாயில் வைக்கப் போகிறேன் — போன்.

“அண்ணே, கடைக்கு வர முடியுமா? இப்பவே. தலையே சுத்துது லா.”

ரவி. ஈப்போ புந்தோங்கில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவர். கல்யாணம், காதுகுத்து, தோட்டத்துத் திருவிழா என்று எங்கே கூப்பிட்டாலும் கேமராவோடு ஆஜர். கம்ப்யூட்டர் மக்கர் செய்தால் மட்டும் என்னைத் தேடுவார். எனக்கு எல்லாம் தெரியும் என்பதால் அல்ல... நோண்டாமல் விடமாட்டேன் என்பதால்.

போனேன். படங்களைத் திருத்திப் பிரிண்ட் போடுவது ரவியின் மனைவி லெட்சுமியின் வேலை. அன்று அவரும் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

விஷயம் இதுதான். கோலா கங்சாரில் ஒரு லாரி டிரைவர் காலமாகிவிட்டார். வாழ்நாள் முழுக்க ஸ்டியரிங் பிடித்த மனிதர், ஒழுங்காக ஒரு படம்கூட எடுத்துக்கொண்டதில்லை. நன்றாக விழுந்தது ஒன்றே ஒன்று — மகள் கல்யாணத்தில் ரவி எடுத்தது. பதினாறாம் நாள் காரியத்துக்கு அதைப் பெரிதாக்கி ஃபிரேம் போட்டுக் கேட்டிருக்கிறாள் மகள். மதியம் கடைக்கு வருகிறாள்.

படம் எங்கே? ஆல்பம் இன்னும் போடவில்லை. கடையில் படங்கள் மட்டும் வைத்திருந்த தனி ஹார்ட் டிஸ்க் மண்டையைப் போட்டுவிட்டது. இணையச் சேமிப்பகம் ஒன்றில் மட்டும் பத்திரமாக இருக்கிறது. பாஸ்வேர்ட் தொலைந்தால் எங்களைக் கேட்காதே என்று முதலிலேயே எச்சரிக்கும் கறாரான சேமிப்பகம் அது. அந்தப் பாஸ்வேர்ட் இருப்பது பாஸ்வேர்ட் மேனேஜரில். அது திறந்தால்தானே!

பாஸ்வேர்ட் மேனேஜர் என்பது எல்லாப் பாஸ்வேர்டையும் போட்டுப் பூட்டி வைக்கிற பெட்டகம். ரவி ரொம்ப உஷார். ஒரு பாஸ்வேர்ட் போதாதென்று ‘கீ ஃபைல்’ வேறு வைத்திருந்தார். பென்டிரைவில் இருக்கும் ஒரு கோப்புதான் சாவி. பாஸ்வேர்டைத் தட்டி, அந்தக் கோப்பையும் காட்டினால்தான் பெட்டகம் திறக்கும். போன மாதம்வரை திறந்ததாம்.

“அது என்ன கோப்பு?”

“நம்ம தோட்டத்து அம்மன் படம்ணே. கோப்பெங் பக்கம் இருக்கே, அந்தக் கோயில். எந்தப் படத்த வேணாலும் சாவியா வைக்கலாம்னு போட்டிருந்துச்சு. சாமி படம்னா யாரும் கை வைக்க மாட்டாங்கன்னு நெனச்சேன்.”

எனக்குச் சாப்பாடு மறந்துபோனது. பென்டிரைவைப் பிடுங்கி வேறு துளையில் செருகினேன். வேறு கம்ப்யூட்டரில் செருகினேன். பென்டிரைவ் திறக்கிறது, படம் தெரிகிறது, அம்மன் கம்பீரமாக நிற்கிறாள். ஆனால் பெட்டகம்? ‘சாவி தவறு.’ மறுபடி. ‘சாவி தவறு.’

கோப்பின் விவரங்களைப் பார்த்தேன். கடைசியாக மாற்றப்பட்டது... போன வாரம்!

“யாராவது இந்தப் படத்தைத் தொட்டீங்களா?”

ரவி இல்லையென்று தலையாட்டினார். லெட்சுமியிடமிருந்து மெதுவாக ஒரு குரல்.

“நான்தாண்ணே... பென்டிரைவ்ல வேற ஏதோ தேடுனேன். அம்மன் படுத்த மாதிரி, சாஞ்சு கெடந்தாங்க. மனசு கேக்கல. திருப்பி நிமித்தி வச்சேன். அவ்ளோதான்!”

அவ்வளவுதான்! வீட்டுச் சாவியைத் துடைத்து வைத்தால் கதவு திறக்கும். அரத்தை எடுத்து ஒரு பல்லை லேசாக ராவினால்? படத்தைத் திருப்பிச் சேமித்தபோது கோப்பு உள்ளுக்குள் வேறாகிவிட்டது. நம் கண்ணுக்கு அதே அம்மன். பெட்டகத்துக்கு யாரோ!

“அப்போ பழையபடி சாச்சிட்டா?” என்றார் ரவி.

சாய்த்துப் பார்த்தோம். ‘மன்னிச்சிடு தாயே’ என்று லெட்சுமியே மௌஸை அழுத்தினார். ம்ஹூம். ஒருமுறை ராவிய பல் திரும்ப முளைக்குமா?

ரவியின் முகம் வெளிறிவிட்டது. “அந்தப் புள்ள வந்து கேட்டா என்னாண்ணே சொல்வேன்? அவங்கப்பா மொகத்த நான்தான் தொலைச்சிட்டேன்னா?”

அசல் யாரிடம் இருக்கும்? லெட்சுமியின் தம்பி குமார் எடுத்த படமாம். லூமுட் ஜெட்டியில், அதாவது படகுத்துறையில், வேலை. வீட்டுக்கு வந்தபோது போனில் கேபிள் மாட்டி பென்டிரைவுக்கு ஏற்றியிருக்கிறார்கள். ஆனால் குமார் வாரந்தோறும் போனைக் கழுவிக் கவிழ்ப்பவன். ஒரு படம் மிஞ்சாது. லெட்சுமி அவனைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

“தம்பி, அந்தத் தோட்டத்து அம்மன் படம்... டெலிட் பண்ணிட்டியாடா?”

“அய்யோ, சாமி படத்த யாருக்கா டெலிட் பண்ணுவா? பாவம்லா!”

அடுத்த நிமிடமே வாட்ஸாப்பில் படம் வந்து விழுந்தது. ஓடிப்போய்ப் போட்டோம். ‘சாவி தவறு.’

அலாமாக்! படமாக அனுப்பினால் வாட்ஸாப் அதைச் சுருக்கிவிடுமே! “குமாரு, படமா வேணாம், டாக்குமெண்டா அனுப்பு” என்று கத்தினேன். வந்தது. சாய்ந்த அம்மன், சாய்ந்தபடியே. ரவி பாஸ்வேர்டைத் தட்டினார்... திறந்தது! லெட்சுமி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

நமக்கு ‘அதே’ என்றால் பார்க்க அதே மாதிரி இருப்பது. கம்ப்யூட்டருக்கு அப்படியில்லை. நாம் பக்தியில் செய்தாலும் பாசத்தில் செய்தாலும், மாற்றினால் மாற்றியதுதான். ஆகவே கீ ஃபைல் வைத்திருக்கும் புண்ணியவான்களே, தொடாத பிரதி ஒன்று வேறிடத்தில் இருக்கட்டும். அதைவிட முக்கியம் — வீட்டில் சொல்லி வையுங்கள்!

மதியம் மகள் வந்தாள். திரையில் அவள் அப்பா. சட்டையில் குழம்புக் கறை, கையில் பரிமாறும் வாளி, வாய் கொள்ளாச் சிரிப்பு. பார்த்ததும் விம்மிவிட்டாள்.

ரவி தொழில் வழக்கப்படி கேட்டார். “கறைய எடுத்துட்டு, கோட்டு போட்ட மாதிரி செஞ்சு, பின்னாடி நீலக் கலர் வச்சிரட்டுமாம்மா?”

“வேணாம்ணே. எதையாச்சும் மாத்தினா அது எங்கப்பா இல்ல.”

இதைத்தானே அந்தப் பெட்டகமும் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தது!