ஈசானிய மூலையில் நீலம்

1. திருப்பதியில் பாலிடெக்னிக் சேர்ந்து சிவில் டிப்ளமோ முடித்தேன்.
2. பெங்களூரில் ஒரு கட்டட அலுவலகத்தில், கம்ப்யூட்டரில் பிளான் வரையும் வேலைக்குப் போனேன்.
3. விடுதி அறையில், ஞாயிற்றுக்கிழமைகளில், கட்டங்களும் பட்டைகளும் மட்டுமே உள்ள படங்களை வரையத் தொடங்கினேன்.
4. அம்மாவுக்கு முட்டியில் ஆபரேஷன் நடந்தபோது சித்தூருக்குத் திரும்பி, இங்கே ஒரு என்ஜினியர் ஆபீஸில் சேர்ந்தேன்.
5. நான் வீட்டு பிளான் போட்டுக் கொடுத்த ஒருவர், திருப்பதியில் புதிதாகக் கட்டிய லாட்ஜின் வரவேற்பறைக்குப் பெரிய படம் ஒன்று கேட்டார்.
6. வேலையை விட்டேன்.
7. சித்தாந்தி வந்தார்.

சித்தாந்தி என்றால் எங்கள் பக்கம் நாள், நட்சத்திரம், வாஸ்து பார்ப்பவர். பிளான் போடுகிறவர்களுக்கு அவர் இல்லாமல் வேலை நடக்காது. ஐ.டி. வேலைக்குப் போன பிள்ளைகள் பணம் அனுப்ப, சித்தூரைச் சுற்றிப் புது வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. வெளிநாட்டில் பார்த்த வீட்டின் போட்டோவை போனில் அனுப்புவார்கள். அதை நான் இங்குள்ள மனைக்குள் அடக்குவேன். பிறகு சித்தாந்தி பார்ப்பார். சமையலறை தென்கிழக்குக்குப் போகும், கழிப்பறை ஈசானியம் என்கிற வடகிழக்கிலிருந்து வெளியேறும். நான் ஒருமுறைகூட மறுத்துப் பேசியதில்லை. அது அவர்கள் இருக்கப்போகும் வீடு.

லாட்ஜ்காரர், என் மேஜைக்குப் பின்னால் ஒட்டியிருந்த சிறிய படத்தைப் பார்த்துத்தான் கேட்டார்.

“இது எந்த சைட்டும்மா?”

“சைட்டு இல்ல சார், சும்மா படம்.”

அவர் சிரித்தார். “நல்லாக்கீது. திருப்பதில எந்த லாட்ஜுக்குப் போனாலும் அதே அருவி, அதே மயிலு. நம்மளுது வேற மாதிரி இருக்கட்டும். பெருசா போட்டுக் குடு.”

அதுவரை என் படங்களைப் பார்த்தவர்கள் விடுதித் தோழியும் அம்மாவும் ஆபீஸில் வந்து போகிறவர்களும்தான். அந்தச் சுவரில் ஏறினால் ஊர் ஊராக வந்து இறங்குகிறவர்கள் பார்ப்பார்கள். ஒரு படம் வெளியே இருந்தால் அதைக் காட்டி இன்னொன்று கேட்கலாம். அதை நம்பித்தான் வேலையை விட்டேன்.

வேலை செய்யும் முறை எளிமையானது. பென்சிலில் அளந்து கோடு போடுவேன். கோட்டின் ஓரமாகக் காகித டேப் ஒட்டுவேன். டேப்பின் விளிம்பில் முதலில் அடியில் இருக்கும் நிறத்தையே ஒருமுறை பூசுவேன். கசிந்தால் அந்த நிறமே கசியும், கோடு கெடாது. அதற்கு மேல் புது நிறம். முழுக்கக் காய்வதற்குள் டேப்பை உரிக்க வேண்டும். சித்தூர் வெயிலில் கொஞ்சம் அசந்தால் டேப்போடு வண்ணமும் வந்துவிடும். காற்றில் டேப் எழும்பும் என்பதால் மின்விசிறியும் போடமாட்டேன்.

படத்தில் செங்கல் சிவப்பும் பழுப்பு வெள்ளையுமான பட்டைகள், நடுவே மெல்லிய மஞ்சள். மேலே வலது மூலையில் அடர்நீலக் கட்டம் ஒன்று. அந்தக் கட்டம் அங்கே இருப்பதால்தான் மற்ற பட்டைகள் எல்லாம் அதை விழாமல் பிடித்துக்கொண்டிருப்பதுபோல் தெரியும்.

சின்ன வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் வரவேற்பறைச் சுவரில் சாய்த்து வைத்தோம். கல்லா மேஜைக்கு இடம் குறிக்க வந்திருந்த சித்தாந்தி திரும்பிப் பார்த்தார்.

“இது எவரு போட்ட பிளானு?”

“நம்ம பாப்பாதான் சாமி” என்றார் லாட்ஜ்காரர்.

“ஈசானியத்துல இம்மாம் பாரமா? இன்னா அது, வாட்டர் டேங்க்கா?”

“டேங்க் இல்ல சாமி, கலரு” என்றேன். “இது செவுத்துல மாட்டற படம். இதுக்கு வடக்கு, தெக்கு கெடையாது.”

லாட்ஜ்காரர் என்னைப் பார்த்தார். “ஏம்மா, நீ போட்ட பிளான்லலாம் மேல வடக்குதானே? அம்பு வேற போட்டுக் குடுப்பே.”

அது உண்மை.

சித்தாந்தியே வழியும் சொன்னார். “தலகீழா மாட்டு. பாரம் நைருதிக்கு, தென்மேற்குக்கு வந்துரும். பிரமாதம்.”

இரண்டு பேர் தூக்கித் திருப்பி வைத்தார்கள். நீலக் கட்டம் இடது கீழ் மூலைக்கு வந்தது. தரையில் இறக்கிய மூட்டை மாதிரி இருந்தது. பட்டைகளுக்கு இனி பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை.

“சரே, முடிஞ்சுது. எனக்கு ரெண்டும் ஒன்னாத்தான் தெரியுது” என்றார் லாட்ஜ்காரர்.

“எனக்கு ஒன்னா தெரியல சார். ஸ்லாப் போட்டப்புறம் பில்லர நவுத்தினா நிக்குமா? அந்த மூலைய காலியா உட்டு வேற ஒன்னு மொதல்லருந்து போட்டுத் தரேன்.”

“அடுத்த வாரம் தெறப்பு. செவுரு மொட்டையா கெடக்கலாமா?” என்றவர், என் முகத்தைப் பார்த்து, “சரி, போட்டு எடுத்துனு வா, பாக்கலாம்” என்றார். படம் அதே வண்டியில் சித்தூருக்குத் திரும்பியது.

அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். “தலகீழா மாட்டினா இன்னாடி? நீயா தொங்கப் போற? ஊருக்கெல்லாம் கக்கூச நவுத்தினு இருந்தவ!”

வீட்டுக்காகப் பேச அதில் இருக்கப்போகிறவர்கள் உண்டு, படத்துக்காகப் பேச நான் ஒருத்திதான் என்று சொல்ல நினைத்தேன். “பசிக்குதும்மா” என்று மட்டும் சொன்னேன்.

புதிய படம் எளிதாக வரவில்லை. ஒரு மூலையைக் காலியாக விட்டால், முதலில் அது மறந்துபோன இடம் மாதிரி இருந்தது. பட்டைகளை அந்த மூலைக்குச் சற்று முன்னாலேயே நிறுத்தியபோதுதான் காலியிடத்துக்கும் ஒரு கனம் வந்தது. அதை முடித்து போட்டோ அனுப்பினேன். லாட்ஜ் திறந்து வெகுநாள் ஆகியிருந்தது. லாட்ஜ்காரர் போனில் கூப்பிட்டார்.

“நல்லாத்தான்க்கீது பாப்பா. ஆனா அங்க கண்ணாடி மாட்டிட்டோம். மொட்ட போட்டுனு வர்றவங்கோ எல்லாம் அதுலதான் தலையத் தடவிப் பாத்துக்கறாங்கோ. அத எப்பிடி கழட்றது, சொல்லு?”



இப்போது அதே என்ஜினியர் ஆபீஸில் வாரத்தில் பாதி நாள் பிளான் வரைகிறேன். மீதி நாட்களில் படம். ஒரு மூலையைக் காலியாக விட்ட படங்கள் இன்னும் சில ஆகியிருக்கின்றன. எதுவும் இதுவரை வெளியே மாட்டப்படவில்லை. நீலக் கட்டம் உள்ள படம் எங்கள் வீட்டின் தாழ்ந்த சுவரைவிட உயரம் என்பதால் சாய்வாக நிற்கிறது.