சைரனக்காவும் ஒரே ஒரு அலறலும்

பேய்ப் படத்தில் வாயைத் திறப்பது கதாநாயகி, சத்தம் சைரனக்காவுடையது. ஒலிப்பதிவுக் கூடத்தில் வைத்த பட்டப்பெயர் அவளுக்கு அப்படியே ஒட்டிக்கொண்டது. டப்பிங் அறையில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு காலைப் பின்னால் ஊன்றி, திரையில் அசையும் உதட்டைப் பார்த்து அடிவயிற்றிலிருந்து எடுத்து விடுவாள். கத்தியைப் பார்த்த அலறல் வேறு, கத்தி இறங்கிய அலறல் வேறு. இதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. வீட்டில் மட்டும் குரல் எழும்பாது. தொண்டை நாளைக்கு வேண்டுமே! மகளைத் திட்டினாலும் கிசுகிசுப்பாகத்தான் திட்டுவாள். "எங்கம்மா கோவம் பக்கத்துல வந்தாத்தான் கேக்கும்" என்று மகள் கேலி பேசுவாள். தான் கத்திய படம் எதையும் சைரனக்கா அவளுக்குக் காட்டியதில்லை.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஓர் இயக்குநர் வந்தான். அவனுக்கு அது முதல் படம். பதினாலு டேக் எடுத்தும் அவனுக்குத் திருப்தியில்லை. "நல்லா இருக்குக்கா. ஆனா நடிப்பாத் தெரியுது" என்றான். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் யாரிடமோ போனில் பேசினான். கொஞ்ச நேரத்தில் ஹெட்போனில் அவன் குரல் நடுங்கியது.

"அக்கா... ஸ்கூல்ல இருந்து போன். பாப்பாவ லாரி..."

மீதி அவள் காதில் விழவில்லை. மைக் கம்பியைப் பிடித்தபடி தரையில் சரிந்து கத்தினாள். மூச்சு தீர்ந்து நிமிர்ந்தபோது கண்ணாடிக்கு அப்பால் அவன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

"சும்மாக்கா! பாப்பா கிளாஸ்லதான் இருக்கா. இப்பக் கேளுங்க, உயிர் வந்துடுச்சு பாருங்க!"

பாவி. அவள் அப்படியே ஓடிப்போய்ப் பள்ளிக்கூட வாசலில் மணி அடிக்கும்வரை நின்றாள். மகளிடம் எதையும் சொல்லவில்லை. இதை எந்த வாயால் சொல்வது?

அந்த அலறலால் அவன் பெரிய ஆளாகிவிட்டான். அப்புறம் அவளைக் கூப்பிடவே இல்லை. எதற்குக் கூப்பிட வேண்டும்? அதுதான் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருக்கிறதே! ஆறு படங்களில் ஆறு பெண்களின் வாயில் அதையே ஒட்டினான். பஸ் டிவியில் அதைக் கேட்டால் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிடுவாள். ஏழாவது படத்தின் டிரெய்லரிலும் அதுவே வந்தபோது வயிறு பற்றி எரிந்தது. அந்த அலறலை இனி அவன் எங்கேயும் ஒட்டக் கூடாது. அதைக் கேட்டு ஊர் சிரிக்க வேண்டும். பேய்ப் படத்துக்குச் சிரிப்பைவிடப் பெரிய எமன் இல்லையென்று அவளுக்குத் தெரியாதா?

அந்தப் படம் வெளியான முதல் நாள், காலைக் காட்சி. அவன் தோற்பதை மகளும் பார்க்கட்டும் என்று அவளையும் அழைத்துக்கொண்டு தியேட்டரின் நட்டநடுவில் போய் உட்கார்ந்தாள். ஜனம் துள்ளுவதைப் பார்த்து ரசிக்க இயக்குநர் கடைசி வரிசையில் இருந்தான்.

இந்த மாதிரிப் படங்களுக்கு ஒரு சம்பிரதாயம் உண்டு. இசை நிற்கும். மூன்று எண்ணும்வரை ஊசி விழுந்தால் கேட்கும். முதலில் ஏமாற்றுக்கு ஒரு பூனை குதிக்கும். ஜனம் மூச்சு விட்டபிறகுதான் அசல் பேய் வரும். அந்த மூன்றை எண்ணி எண்ணியே கத்திப் பழகியவள் அவள். இசை நின்றதும், "இப்பப் பூனை வரும் பாரு" என்று கிசுகிசுத்தாள். அவன் பார்த்துப் பார்த்துச் செய்த நிசப்தம்; கிசுகிசுப்பு கடைசி நாற்காலிவரை போயிற்று. பூனை குதித்தது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கும் ஒரு காலம் வரும் என்பது சும்மாவா?

"கண்ணாடி வச்ச பீரோக் கதவ மூடுவா. கண்ணாடில, பின்னால ஒருத்தி நிப்பா."

நின்றாள்.

"கார் ஸ்டார்ட் ஆகாது."

ஆகவில்லை. "போன்ல சிக்னலும் இருக்காது!" என்று முன்வரிசையிலிருந்து ஒருவர் எடுத்துக்கொடுத்தார். இடைவேளைக்குப் பிறகு அவள் வாயே திறக்க வேண்டியிருக்கவில்லை. ஜனமே கோரஸாக எண்ணியது: ஒண்ணு, ரெண்டு, மூணு! இயக்குநர் எழுந்து "யாருய்யா அது?" என்று இரைந்தான். அதற்கும் சிரித்தார்கள். அவனுக்கு நன்றாக வேண்டும்.

கடைசிக் காட்சியில் கதாநாயகி வாயைத் திறந்தாள். அந்த அலறல் வந்தது. அரங்கம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. சைரனக்கா திரும்பிப் பார்த்தாள். இயக்குநர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். அவளுக்கு வயிறு குளிர்ந்தது.

பக்கத்தில் மகள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். "ஐயோ, யாரும்மா இந்தப் பொம்பள? புள்ளையப் பறிகொடுத்த மாதிரி கத்துறா!"

"நான்தான்டி" என்றாள் சைரனக்கா. குரல் தானாக உயர்ந்துவிட்டது. "உன்னப் பறிகொடுத்துட்டேன்னு நெனச்சுக் கத்தினது."

மகளின் சிரிப்பு நின்றுவிட்டது. மற்ற எல்லோரும் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.