குமர் இருக்கிற வீடு

வீடு விற்கப் போகிறவர்கள் முதல் வேலையாகச் சுவருக்குப் பெயின்ற் அடிப்பார்கள். நானும் அடித்தேன். கடல் ஏறி இறங்கிய வீடாக இருந்தால் தயவுசெய்து அதைச் செய்யவேண்டாம் என்று இப்போது யார் கேட்டாலும் சொல்வேன். யாரும் கேட்பதில்லை.

கல்லடியில் எங்கள் வீடு வாவிக்கும் கடலுக்கும் நடுவே, கடலுக்குச் சற்றுக் கிட்டவாக இருந்தது. கடல் வந்த அன்று மதில் விழுந்தது, கிணறு மண்ணால் மூடியது, சமையலறைக் கூரை எங்கே போனதென்றே தெரியவில்லை. வீடு நின்றது. உள்ளே எல்லா அறைகளிலும் என் நெஞ்சு உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு. அம்மாவும் அக்காவும் காலையிலேயே பாலத்துக்கு அந்தப் பக்கம் கோயிலுக்குப் போயிருந்தார்கள். நான் மாமரத்தில் ஏறித் தப்பினேன். அப்பா அதற்குச் சில வருடங்கள் முன்பே நோயில் போய்விட்டார். ஆகவே நாங்கள் மூன்று பேரும் முழுதாக மிஞ்சினோம். அந்த ஒழுங்கையில் அப்படிச் சொல்லக்கூடிய வீடு வேறு இல்லை. அதனால் நாங்கள் எதைப் பற்றியும் வாய்விட்டு முறையிடுவதில்லை.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு உரியது. கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வந்து குடியேறுவார். அந்த வீடு அம்மாவுக்கு அவருடைய பெற்றோர் சீதனமாக எழுதியது. அக்காவுக்கு அம்மா எழுதப்போவது. நான் அங்கே வளர்கிற விருந்தாளி. ஒருநாள் இன்னொருத்தியின் வீட்டுக்குப் போகவேண்டியவன். இதில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

அக்காவுக்குக் களுவாஞ்சிக்குடியில் ஓர் ஆசிரியரைப் பேசி முடித்திருந்தோம். கடல் வந்து இரண்டு மாதம் கழித்து மாப்பிள்ளையின் தாய் வந்தார். விழுந்த மதிலுக்கு வெளியிலேயே நின்றார். எவ்வளவு கூப்பிட்டும் உள்ளே வரவில்லை.

“பிள்ளையில ஒரு குறையும் இல்ல” என்றார் அம்மாவிடம். “வீட்டத்தான் பயம். ராவில அலை கேக்கிற வீட்டுக்கு என்ட மகன எப்படி விடுறது? எங்கட பக்கமா ஒரு வீட்டப் பாருங்க. வாற ஆவணி மட்டும் பொறுத்திருப்பம்.”

ஆகக் கணக்கு எளிது. கல்லடி வீட்டை விற்று, களுவாஞ்சிக்குடியில் ஒரு வீடு வாங்கி, ஆவணிக்குள் அக்காவின் பெயரில் எழுதவேண்டும். இல்லாவிட்டால் கலியாணம் இல்லை.

“அத நான் பாத்துக்கொள்றன்” என்றேன். உயர்தரத்தில் வர்த்தகம் படித்து, நல்ல பெறுபேறு வந்து, பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்துக்கொண்டு சும்மா இருந்த காலம். கேள்வி, நிரம்பல், சந்தை விலை எல்லாம் பாடமாகத் தெரியும். ஒரு கொப்பி வாங்கினேன். நூலகத்தில் பழைய பத்திரிகைகளின் வீட்டு விளம்பரங்களைப் பார்த்து எழுதினேன்: வெளிச்சமான நிறம் அடிக்கவும், வளவைத் துப்புரவாக்கவும், வருகிறவரை உபசரிக்கவும், விலையை முதலில் சொல்லாதிருக்கவும்.

வெளிர்மஞ்சள் வாங்கி வந்து மூன்று நாள் நானே அடித்தேன். அக்கா பாலர் பாடசாலையில் படிப்பித்துவிட்டு வந்து வாசலில் நின்று பார்த்தாள்.

“என்னடா, நாளைக்கே எனக்குத் தாலியா?”

“சிரிக்காத. ஆக்கள் வரக்குள்ள பளிச்செண்டு இருக்கணும்.”

“பளிச்செண்டுதான் இருக்கு. கோட்டுக்குக் கீழ ஒரு மஞ்சள், மேல ஒரு மஞ்சள்.”

உண்மைதான். ஒரு கிழமைக்குள் கோட்டுக்குக் கீழே பெயின்ற் கொப்பளித்து, தொட்டால் மாவாகக் கொட்டியது. சுவர் குடித்த கடல் வெளியே வந்துகொண்டிருந்தது.

வாங்க வந்தவர்கள் மிகக் குறைவு. கடலோரம் எவ்வளவு தூரத்துக்குள் கட்டலாம், கட்டக்கூடாது என்று அரசாங்கமே முடிவெடுக்காமல் இருந்த நேரம். தமிழரின் காணி வேறு இனத்தவருக்குப் போகிறதா என்று விசாரிக்கிற ஆட்களும் இருந்தார்கள். ஆனால் காத்தான்குடியிலிருந்து ஒரு முஸ்லிம் துணிக்கடை முதலாளி வந்தார். வயதானவர், நிதானமானவர். அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிட்டேன். தட்டித் தட்டி ஒவ்வொரு சுவராகக் கேட்டார். கிணற்றுத் தண்ணீரை அள்ளி வாயில் வைத்துத் துப்பினார். நகத்தால் சுவரைச் சுரண்டி அதையும் நாக்கில் வைத்தார்.

“தம்பி, பெயின்ற் கோட்டுக்குத்தானே அடிச்ச?”

நான் தலையாட்டினேன்.

“கோட்ட உட்டிரு. கோடு இருந்தா, தண்ணி இம்மட்டும்தான் வந்த எண்டு வாறவனுக்குத் தெரியும். மறைச்சா, கூரைக்கு மேலால போயிருக்கும் எண்டு நினைப்பான்.”

என் கொப்பியில் இல்லாத வாக்கியம் அது. பிறகு அவரே ஒரு விலை சொன்னார். நாங்கள் நினைத்ததில் பாதியைவிடக் கொஞ்சம் கூட. கதவுக்குப் பின்னால் நின்ற அம்மா எனக்குத் தலையாட்டினார். களுவாஞ்சிக்குடியில் சின்ன வீடொன்றுக்கு அது போதும். நான் சரி சொல்லவேண்டியதுதான் பாக்கி. ஆனால் உபசரிக்கவும் என்று எழுதி வைத்திருந்தேனே! “அக்கா, தேத்தண்ணி” என்று உள்ளே குரல் கொடுத்தேன்.

அக்கா தேத்தண்ணீரை வைத்துவிட்டுப் போனாள். அவர் ஒரு மிடறு குடித்தார். பிறகு கோப்பையைக் கீழே வைத்தார்.

“மூத்தவவா?”

“ஓம் காக்கா.”

“கலியாணம் முடிச்சிட்டாவா?”

“இல்ல. ஆவணியில.”

“அப்ப இது குமர்ர வீடெல்லுவா?”

குமர் என்றால் கலியாணமாகாத பெண். நான் எல்லாவற்றையும் விளக்கினேன். மாப்பிள்ளை, களுவாஞ்சிக்குடி, ஆவணி. வேகமாகவும் ஒழுங்காகவும் விளக்கினேன் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அவர் முழுவதும் கேட்டார்.

“நீ சொல்றது விளங்குது. ஆனா எனக்கும் மூணு பொம்புளப் புள்ளைகள். ஒவ்வொண்டுக்கும் வீடு குடுத்துத்தான் முடிக்கணும். ஒரு குமர வீட்ட விட்டு எழுப்பிப்போட்டு அந்த வீட்ட என்ட குமருக்குக் குடுத்தா அது வாழுமா? முதல்ல அந்தப் புள்ளைய ஒப்பேத்துங்க. மறுகா வாறன்.”

“வீடு வித்தாத்தானே காக்கா ஒப்பேத்தலாம்?”

“அதுவும் மெய்தான்” என்று எழுந்துபோனார்.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. மூடநம்பிக்கை, சந்தைக்கே விரோதம் என்று அம்மாவிடம் கத்தினேன். அதே வாரம் களுவாஞ்சிக்குடியில் ஒரு வீடு விலைக்கு வந்திருப்பதாக அறிந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு அறை, நல்ல கிணறு, தென்னைகள், கடல் சத்தமே இல்லை. எனக்குப் பிடித்துவிட்டது. கிணற்றடியில் ஒரு பெண் உடுப்பு அலம்பிக்கொண்டிருந்தாள். அம்மா அவளோடு இரண்டு வார்த்தை பேசினார். திரும்பி வந்து, “வா மனே, போவம்” என்றார்.

“ஏன்?”

“அந்தப் பிள்ள இன்னும் முடிக்கல்ல.”

அடுத்த பஸ்ஸிலேயே திரும்பினோம்.

நான் விட்டிருக்கவேண்டும். கோட்டை அழித்தது போதும் என்று இருந்திருக்கவேண்டும். ஆனால் எனக்கு எந்தச் சிக்கலைப் பார்த்தாலும் அதற்குள் ஒரு கதவு தெரியும். குமரின் வீடு என்பதுதானே தடை? அப்படியானால் அது குமரின் வீடாக இல்லாவிட்டால்? அம்மா வீட்டை என் பெயருக்கு எழுதட்டும். ஆண்பிள்ளையின் காணியை வாங்குவதில் யாருக்கும் பாவமில்லை. விற்ற கையோடு அக்காவின் பெயரில் புதியதை வாங்கிவிடலாம். இடையில் ஒரு மாதமோ இரண்டு மாதமோ. அக்காவிடம் படம் கீறி விளக்கினேன்.

“எனக்கு விளங்கல்ல” என்றாள். “ஆனா நீ சொன்னாச் சரியா இருக்கும்.”

வீட்டு உறுதி, அதாவது சொத்துப் பத்திரம், கடலோடு போயிருந்தது. காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கவே பல நாள் அலைந்தேன். இதையும் சொல்லிவைக்கிறேன்: உறுதியின் இலக்கத்தை வீட்டில் ஒருவராவது மனப்பாடமாக வைத்திருங்கள். உறுதி எழுதும் நொத்தாரிசு ஐயா கண்ணாடிக்கு மேலால் அம்மாவைப் பார்த்தார்.

“குமர் ஒண்டு இருக்கக்குள்ள பொடியனுக்கு எழுதுறீங்க. யோசிச்சுத்தானே?”

“யோசிச்சது நான் ஐயா” என்றேன் முந்திக்கொண்டு.

கையெழுத்து வைத்த மறுநாளே சைக்கிளில் காத்தான்குடிக்குப் பறந்தேன். முதலாளி கடையில் சேலைகளை மடித்துக்கொண்டிருந்தார். உறுதியை விரித்துக் காட்டினேன். அவர் நிதானமாக வாசித்து, மடிப்புக் கலையாமல் திருப்பித் தந்தார்.

“கெட்டிக்காரன்தான் நீ. வேற ஆராவது இதப் பாத்து வாங்குவான். என்னால ஏலா தம்பி. நான் அந்தப் புள்ளைட கையால தேத்தண்ணி குடிச்சவன்.”

வேறு யாரும் வரவில்லை. வாவிக்கு அங்கால், படுவான்கரையில், மறுபடி சண்டை தொடங்கும் என்ற பேச்சு எழுந்ததும் கல்லடியில் விலை கேட்பதற்கே ஆள் இல்லாமல் போயிற்று. ஆனால் புரோக்கர் வந்தார். அக்காவின் சம்பந்தத்தைப் பேசி முடித்த அதே கலியாணப் புரோக்கர். சைக்கிளை விட்டு இறங்கவுமில்லை.

“என்ன முதலாளி, எப்படி உங்கட வீடு?” என்றார் என்னைப் பார்த்து.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“ஊரெல்லாம் விசளம் போயிற்று. அவங்க கேக்கிறாங்க, ‘மகளுக்குக் குடுக்கப்போற எண்டு சொன்ன வீட்ட மகனுக்கு எழுதினா, நாங்க என்னத்த நினைக்கிற?’ எண்டு. நான் என்ன சொல்ல? நீயே சொல்லு.”

அன்றே களுவாஞ்சிக்குடிக்குப் போனேன். மாப்பிள்ளையின் தாய் தண்ணீர் தந்து உட்காரவைத்து, நான் சொன்ன எல்லாவற்றையும் கேட்டார். ஒரு சொல் கடுமையாகப் பேசவில்லை.

“நீ நல்ல பிள்ளதான் மனே. உன்ன நம்புறன். ஆனா நாளைக்கு நீ ஒரு இடத்தில முடிப்பாய். அவள் உன்ன மாதிரி இருப்பாளா? உறுதியில பேர் இருக்கிறவன்ட பொண்டாட்டி சும்மா இருக்கமாட்டாள்.”

மாப்பிள்ளை என்னோடு பஸ் தரிப்பிடம் வரை நடந்து வந்தார். ஏதோ சொல்வார் என்று எதிர்பார்த்தேன். பஸ் வந்ததும், “கவனமாப் போங்க” என்றார். அந்த ஆவணியிலேயே அவருக்கு வேறிடத்தில் கலியாணம் நடந்தது.

உடனே அக்காவின் பெயருக்குத் திருப்பி எழுதியிருக்கலாம். எழுதுவோம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்குள் எனக்குப் பல்கலைக்கழகம் கிடைத்தது. பாதைகள் மூடின, திறந்தன, மூடின. படுவான்கரையிலிருந்து சனம் மூட்டை முடிச்சோடு வாவியைக் கடந்து வந்து பாடசாலைகளில் தங்கிய நாட்களில் நொத்தாரிசு கந்தோரைத் திறப்பதே எப்போதாவதுதான். இவையெல்லாம் உண்மை. இவையெல்லாம் நான் சொல்லிக்கொண்ட சாட்டும்தான். இடையில் அக்காவுக்கு இரண்டு சம்பந்தம் வந்தது. இரண்டு வீட்டாரும் முதலில் உறுதியைக் கேட்டார்கள். அதற்குப் பிறகு புரோக்கர் எங்கள் ஒழுங்கைக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்.

யுத்தம் முடிந்தது. பாலத்தில் சோதனைக்குப் பைகளைத் திறந்து காட்டாமல் போய்வர முடிந்தது. கொழும்பு இலக்கத் தகடு வைத்த வாகனங்கள் கடற்கரை ஒழுங்கைகளுக்குள் நுழைந்து மெதுவாக ஊர்ந்தன. எந்தச் சத்தத்துக்காக மாப்பிள்ளையின் தாய் மகனை விடமாட்டேன் என்றாரோ, அதே அலைச் சத்தத்துக்கு இப்போது விலை இருந்தது. விடுதி கட்டப்போகும் ஒருவர் எங்கள் வளவைப் பார்த்துவிட்டு, சனிக்கிழமை பேசவருவதாகச் சொன்னார். வீடு அவருக்குத் தேவையில்லை, இடித்துவிடுவார். காணிதான் வேண்டும்.

அவர் வருவதற்கு முன் அக்காவின் பெயருக்கு எழுதிவிடவேண்டும் என்று துடித்தேன். விற்றால் அவள் விற்கட்டும், அவள் கையில் வரட்டும். நன்கொடை உறுதி எழுதுவித்து, அவளை நொத்தாரிசிடம் கூட்டிப்போனேன். ஐயா வாசித்துக் காட்டினார். நான் கையெழுத்து வைத்தேன்.

“இப்ப நீங்க பிள்ள. ஏற்றுக்கொண்டன் எண்டு இதில வைக்கணும்.”

அக்கா பேனையை எடுக்கவில்லை.

“ஆர் வந்து குடியிருக்கடா?” என்று என்னைக் கேட்டாள். கோபமே இல்லை. பாலர் பாடசாலையில் ஒரு பிள்ளையிடம் கேட்பதுபோலக் கேட்டாள். “இது ஒரு ஆள் வாறதுக்கு எழுதுற கடதாசி. ஆளில்லாம நான் எதுக்கு வைக்க?”

“உனக்கெண்டு ஒரு காசு இருக்கட்டும் அக்கா.”

“காச நீ வை. அம்மாவப் பாக்கணும்.”

“ஏற்காட்டி இது செல்லாது தம்பி” என்றார் நொத்தாரிசு. அரை மணி நேரம் பார்த்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

சனிக்கிழமை கொழும்புக்காரர் வந்தார். என்ன விலை என்று கேட்டார். நான் சொன்னேன், அந்தக் காலத்தில் கொப்பியில் எழுதியிருந்ததைவிடப் பல மடங்கு கூட. அவர் பேரம் பேசவே இல்லை. யாருடைய பெயரில் உறுதி என்று கேட்டார். என்னுடைய பெயரில் என்றேன். “நல்லது, ஒரு கையெழுத்தோட வேலை முடிஞ்சிடும்” என்றார். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று அவர் கேட்கவில்லை.

அக்கா பாடசாலைக்கான கடதாசிப் பூக்களை வெட்டிக்கொண்டு விறாந்தையில் இருந்தாள். தலையை நிமிர்த்தி அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“நாங்க எப்ப எழும்பணும்?”