கலீமாவின் பங்குத் தண்ணீர்

கேப் டவுனில், அத்லோன் பக்கம் எந்த முஸ்லிம் வீட்டில் ஒரு பெண் கண்ணை மூடினாலும் முதல் ஆள் பள்ளிவாசலுக்கு ஓடுவான். அடுத்த ஆள் மைமூனா வீட்டுக் கதவைத் தட்டுவான். முப்பத்தோரு வருஷமாக அந்த வட்டாரத்துப் பெண் மையித்துகளைக் குளிப்பாட்டியவள் அவள்தான். மாமியார் இறந்த அன்று வெறுமனே தண்ணீர் ஊற்றிக் கொடுக்க நின்றவள், குளிப்பாட்ட வந்த பெண்ணுக்குத் தலை சுற்றியதால் துணியைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள். அதோடு அந்த வேலை அவளிடம் ஒட்டிக்கொண்டது. கூலி கிடையாது. யாராவது பாகில் முக்கிய கூசிஸ்டர் பலகாரத்தை ஒரு தட்டில் கொண்டுவந்து வைத்தால் உண்டு.

அணைகள் வற்றிய கோடையில் கேப் டவுன் நகராட்சி தலைக்கு ஐம்பது லிட்டர் என்று கட்டுப்பாடு போட்டது. மைமூனாவின் வீட்டில் ஆறு பேர். அவள், மகன் இப்ராஹீம், மருமகள் நூரான், இரண்டு பேரப்பிள்ளைகள், பக்கவாதத்தில் இடப்பக்கம் விழுந்து படுக்கையில் கிடந்த தங்கை கலீமா. முந்தின வருஷம் தண்ணீரை அதிகம் செலவழித்த வீடு என்று சொல்லி, மீட்டர் பெட்டிக்குள் ஒரு கருவியைப் பொருத்திவிட்டுப் போயிருந்தார்கள். வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும் கணக்கு ஒன்றுதான், முந்நூற்றைம்பது லிட்டர் ஓடியதும் அது தானே மூடிக்கொள்ளும். மறுநாள் விடிகாலைதான் திறக்கும்.

மைமூனாவுக்கு அது ஊர் முன்னால் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அன்றிலிருந்து வீட்டுத் தண்ணீருக்கு அவள்தான் காவல். குளியல் இரண்டு நிமிஷம், அதுவும் அகலப் பேசினுக்குள் நின்றபடி. அந்த அழுக்குத் தண்ணீர் கக்கூசுக்கு. குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று வாய்விட்டு எண்ணுவாள். ஜெயிலில்கூட இப்படி எண்ண மாட்டார்கள் என்று நூரான் புருஷனிடம் முணுமுணுத்தது காதில் விழுந்தும் அவள் கண்டுகொள்ளவில்லை. ஜனவரியில், நகராட்சி போட்ட வரைபடத்தில் அவர்கள் வீட்டின்மேல் பச்சைப் புள்ளி விழுந்தது. சிக்கனமான வீடு என்று அர்த்தம். பேத்தி அதைப் போனில் காட்டியபோது, எதிர்வீட்டுக்காரிக்கும் இறைச்சிக் கடைக்காரருக்கும் காட்டிவிட்டு வரச் சொன்னாள் மைமூனா.

அந்தப் புள்ளி யாருடைய தண்ணீரில் வந்தது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். படுக்கையில் கிடப்பவளுக்கு ஐம்பது லிட்டர் எதற்கு, பத்துப் போதும், மிச்சம் பிள்ளைகளின் பள்ளிக்கூட உடுப்புக்கு ஆகும் என்று மைமூனா முடிவு செய்திருந்தாள். ஒருநாள் விட்டு ஒருநாள் தங்கையை நாற்காலியில் உட்காரவைத்துத் தலைக்கு ஊற்றியதெல்லாம் நின்றுபோனது. காலையில் ஒரு கிண்ணம் வெந்நீர், ஒரு துணி. முகம், கழுத்து, அக்குள். அதற்குக் கீழே கலீமா தொட விடமாட்டாள். வலது கை நன்றாகத்தானே இருக்கிறது, நானே துடைத்துக்கொள்கிறேன் என்பாள். விரிப்பை மாற்றப் போனால், முந்தாநாள்தானே மாற்றினாய் என்பாள். மைமூனாவும் வற்புறுத்தவில்லை. ஒரு விரிப்பைத் துவைத்து அலச எவ்வளவு பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

அக்காவை அங்கே தீத்தி என்றுதான் கூப்பிடுவார்கள். "உசுரோட இருக்கறவளுக்கு ஒரு கிண்ணம், செத்தவளுக்கு மூணு வாளி. இது என்ன நியாயம், தீத்தி?" என்று கேட்டாள் கலீமா ஒருநாள்.

"செத்தாலும் உனக்கு ரெண்டு வாளிதான்டி. மையித்துக்கும் சிக்கனம் பாருங்கன்னு இமாமே சொல்லிட்டாரு."

இருவரும் சிரித்தார்கள். கலீமா சிரித்தால் வாய் ஒரு பக்கமாகத்தான் போகும்.

பிப்ரவரி கடைசியில், வூஸ்டரில் வாழ்க்கைப்பட்டிருந்த கலீமாவின் மகள் ஃபத்வா, வருகிற ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியனுப்பினாள். கலீமா திங்கட்கிழமையே கேட்டுவிட்டாள்.

"அவ வர்றதுக்குள்ள ஒரு தடவை தலைக்கு ஊத்திவிடறியா? எம்மேல நாத்தம் அடிக்குது. எனக்கே தெரியுது."

"வெள்ளிக்கிழமை ஊத்தறேன். இப்பப் புள்ளைங்க உடுப்பு மலையாக் கெடக்கு."

"சரி, வெள்ளிக்கிழமை."

வியாழக்கிழமை விடியலில் நூரான் தேநீர் கொண்டுபோனபோது கலீமா போய்ச் சேர்ந்திருந்தாள்.

பிற்பகல் அஸர் தொழுகைக்குள் அடக்கம் என்று முடிவானது. ஃபத்வா பத்து மணிக்கு வந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, குவளையை எடுத்துக்கொண்டு நின்றாள். தாய்க்கு மகள் ஊற்றுவது வழக்கம். மேலே விரிப்பு மூடியிருக்க, உறை மாட்டிய கை அதன் அடியில் போய்க் கழுவ வேண்டும். கண் பார்க்கக்கூடாது. மைமூனாவின் கை இடுப்புக்குக் கீழே போனதும் நின்றுவிட்டது. தோல் இருக்க வேண்டிய இடத்தில் தோல் இல்லை. உள்ளங்கை அகலத்துக்குப் புண். அதன் ஓரமெல்லாம் நாள்பட்ட ஈரத்தில் வெந்து ஊறிக் கிடந்தது.

"என்ன பெரியம்மா?"

குளிப்பாட்டுகிறவள் கண்டதை வெளியே சொல்லக்கூடாது. புருஷன் அடித்த தழும்பு, பெற்ற தாய்க்கே தெரியாத அறுவைத் தையல் என்று எத்தனையோ பார்த்தவள் மைமூனா. எதுவும் அவள் வாயைத் தாண்டியதில்லை. இப்போதும் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால் போதும், மார்க்கமே அவளுக்குத் துணை நிற்கும். அந்தத் துணைதான் அவளுக்குக் கூசியது.

"திருப்பணும். ஒரு கை பிடி" என்றாள்.

திருப்பும்போது விரிப்பு விலகியது. மைமூனா அதை இழுத்து மூடவில்லை.

ஃபத்வா பார்த்தாள். வெளியே தென்கிழக்குக் காற்று ஜன்னலைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. குவளையை வாளியில் முக்கி எடுத்து, "ஊத்தட்டுமா?" என்றாள்.

"ஊத்து."

மூன்று முறை போதும். மைமூனா அதை ஐந்தாக்கினாள், ஐந்தை ஏழாக்கினாள். இலந்தை இலை போட்ட நீர், வெறும் நீர், மறுபடி வெறும் நீர், கடைசியில் கர்ப்பூரம். தலைமுடியைப் பிரித்துப் பிரித்து அலசினாள். நூரான் ஒன்றும் கேட்காமல் வாளி வாளியாகக் கொண்டுவந்து வைத்தாள். நடுப்பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்கிற நேரத்தில் குழாய் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. துக்கத்துக்கு வந்தவர்கள் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளூ செய்ய எதிர்வீட்டுக்குப் போனார்கள்.

கஃபன் துணி சுற்றி முகத்தை மட்டும் திறந்துவைத்தபோது, குளிப்பாட்டும்போது உம்மா எப்படி இருந்தார்கள் என்று பெண்கள் ஃபத்வாவிடம் கேட்டார்கள். நன்றாக இருந்தார்கள், முகம் வெளிச்சமாக இருந்தது என்றாள். பெரியம்மா இருந்த பக்கம் அவள் திரும்பவில்லை. ஜனாஸா வாசலைத் தாண்டியதும் சாப்பிடாமலே கிளம்பிவிட்டாள். ஏழாம் நாளுக்கும் நாற்பதாம் நாளுக்கும் புருஷனைத்தான் அனுப்பினாள்.

அதற்குப் பிறகு கதவைத் தட்டியவர்களிடம் மைமூனா இடுப்புவலி என்று சொல்லி அனுப்பினாள். மழை பிடித்துக்கொண்ட ஜூன் மாதத்தில் ஒரு நாள் அவளே வூஸ்டருக்குப் போன் போட்டாள். திட்ட வேண்டுமானால் திட்டிவிடு, மனசிலே வைத்துக்கொள்ளாதே என்றாள்.

"என்னன்னு திட்டறது?" என்றாள் ஃபத்வா. "மையித்து மேல பாத்ததை வாயால சொல்லக்கூடாதுல்ல, பெரியம்மா. நானும் அன்னிக்குத் தண்ணி ஊத்தினவதானே."

மைமூனா, அங்கே மழை உண்டா என்று கேட்டாள். மூன்று நாளாகப் பெய்கிறது என்று சொல்லிவிட்டு, அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று ஃபத்வா போனை வைத்துவிட்டாள்.