பட்டைத் தண்ணீரில் அவித்த பூட்ஸ்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், அதனால் பிழைகளும் நிறைய இருக்கும். நாலு பேர் கூடினால் எனக்குப் பேச்சு வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

தூத்துக்குடிக் கடற்கரையில் கிழிந்த வலைகளைப் பொத்துவது என் வேலை. துறைமுகத்தைப் பெரிதாகக் கட்டிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. எங்கள் தெருவுக்கு ஒரு கால்பந்தாட்ட டீம் இருந்தது. சனிக்கிழமை பிடித்து வரும் மீனில் ஒவ்வொரு வள்ளமும் ஒரு பங்கை டீமுக்குக் கொடுக்கும். அதை ஏலம் விட்டு வரும் பணத்தில்தான் எல்லாச் செலவும். ஆகவே ஊரில் ஒவ்வொருவனும் டீம் தன் காசில் ஓடுவதாக நினைத்துக்கொண்டான். சாயங்காலம் டீக்கடையில், டீமை நடத்தும் கமிட்டியைத் திட்டாத ஆள் கிடையாது. நான் மட்டும் கடை வாசல் கம்பத்தில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

அந்த வருடம் கமிட்டி இரண்டு காரியம் செய்தது. நாசரேத்திலிருந்து பட்டாளத்தில் ஆடி ஓய்வு பெற்ற ஒருவரைச் சம்பளத்துக்குக் கோச்சாகக் கூட்டி வந்தது. அவர் சொன்னார் என்று பையன்கள் பன்னிரண்டு பேருக்கும் தோல் பூட்ஸ் வாங்கியது. அதுவரை எல்லோரும் வெறுங்காலில் ஆடியவர்கள். டீக்கடை கொதித்தது.

"சம்பளத்தையும் குடுத்து அறையும் குடுத்தா, ஒரு மாசமா பயலுவள மணல்ல ஓட விடுதான். பந்தப் பூட்டி வச்சிருக்கான்லா!" என்றார் துறைமுகத்தில் பாரம் தூக்கும் வின்ச் ஓட்டுகிறவர். கடையிலேயே பெரிய தொண்டை அவருடையதுதான்.

"ஓடாம மூச்சு எப்படிடே வரும்?" என்றார் டீக்கடை அண்ணாச்சி.

"சங்கு குளிக்கிறவன் மவனுக்கு மூச்சு சொல்லிக் குடுக்க நாசரேத்துல இருந்து ஆள் வரணுமோ?"

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

பூட்ஸ்களை என் வலைக் கொட்டகையில்தான் வைத்திருந்தார்கள். சாவி என்னிடம். ஈரமணலில் ஓடி ஓடித் தையல் நூல் இற்றுக்கொண்டு வந்ததை ஒருநாள் பார்த்தேன். நூல் வலை இற்றுப்போகாமல் இருக்க மரப்பட்டையைக் கொதிக்க வைத்து அந்தத் தண்ணீரில் முக்கி எடுப்பது எங்கள் வழக்கம். நூல் என்றால் நூல்தானே என்று நினைத்தேன். யாரும் கேட்காமலே, ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் பூசைக்குப் போயிருந்த நேரம், வலை நனைத்த அதே கொப்பரையில் பன்னிரண்டு ஜோடியையும் சூடாக முக்கி எடுத்து வெயிலில் காயப் போட்டேன். நல்லது செய்த திருப்தியோடு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் எடுத்துப் பார்த்தேன். பூட்ஸெல்லாம் சுருங்கி, மரக்கட்டையாக விறைத்துக் கிடந்தன. பதறிப்போய் எண்ணெய் தடவினேன், கையால் பிசைந்தேன். ஒன்றும் அசையவில்லை. யாரிடமும் சொல்லாமல் பழைய இடத்தில் அடுக்கி வைத்தேன்.

அந்த வாரம் துறைமுக டீமோடு ஆட்டம். பையன்கள் விரல்களை மடக்கி மடக்கித் திணித்துக்கொண்டு இறங்கினார்கள். கடலில் வளர்ந்த அகலப் பாதங்கள் அவை. பாதி ஆட்டத்திலேயே இரண்டு பேருக்கு ரத்தம். ஐந்து கோல் வாங்கினோம்.

"மட்டமான பூட்ஸ வாங்கிக் கோச் கமிஷன் அடிச்சிட்டான்" என்றார் வின்ச்காரர். "சத்தியமாச் சொல்லுதேன். ரெண்டே மாசத்துல சுருங்குற தோல் எந்த ஊர்லவே இருக்கு?"

சொல்ல வாய் திறந்தேன். மறுபடியும் கம்பத்திலேயே சாய்ந்துகொண்டேன்.

கமிட்டிக்காரர்கள் வெறுத்துப்போய், கோச்சை வைப்பதும் அனுப்புவதும் ஊர் இஷ்டம் என்று ஒதுங்கிக்கொண்டார்கள். மூன்று நாள் கடையில் அடிதடி நடக்காத குறை. கடைசியில் அண்ணாச்சி, "கரைவலைய எந்தக் கரையில யார் இழுக்குறதுன்னு சீட்டுப் போடுவீங்கல்ல, அதே மாதிரி போடுங்கடே. யார் பேர் விழுதோ அவன் சொல்லுததுதான் முடிவு" என்றார். எங்கள் கரையில் சீட்டு விழுந்தவன் மாட்டேன் என்று சொல்லக்கூடாது. மற்றவர்களும் எதிர்த்துப் பேசக்கூடாது. அங்கே நின்ற அத்தனை பேர் பெயரையும் எழுதினார்கள். கம்பத்தில் சாய்ந்து நின்ற என் பெயரையும்.

மீன் கூடையோடு போன ஒரு அம்மாளைக் கூப்பிட்டார் வின்ச்காரர். "ஏளா, இங்கன வந்து ஒண்ணு எடு."

"எந்தக் கரைக்கு அண்ணே?"

"பந்துக்கு."

"பந்துக்குமா சீட்டு! வேற வேலையில்லயா உங்களுக்கு?" என்றபடியே ஈரக்கையால் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

அண்ணாச்சி பிரித்து வாசித்தது என் பெயரை. என் தப்புக்கு ஒருவர் பிழைப்புப் போகப் போகிறது. அதற்குத் தீர்ப்புச் சொல்வதும் நானா?

"போடே, போய்க் கணக்க முடிச்சு அனுப்பிட்டு வா" என்று முதுகில் தட்டினார் வின்ச்காரர்.

கோச்சின் அறைக்குப் போனேன். பாயைச் சுருட்டிக் கட்டி, பெட்டியின் மேல் வைத்திருந்தார்.

"வாங்க. என்னைய போகச் சொல்லத்தானே வந்தீங்க? இதுவரைக்கும் மூணு ஊர்ல என்னை நிறுத்தியிருக்காங்க. நேர்ல வந்து சொல்ல ஒரு ஆள் வந்தது இங்கதான்" என்றார்.

உட்காரவும் முடியாமல், நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"தெரியும்" என்றார். "பூட்ஸக் கையில எடுத்ததுமே பட்டை வாடை அடிச்சுது. உங்க மூக்குக்கு அது பழகிப்போச்சு. எனக்குப் புதுசு. சாவி யார்கிட்ட இருக்குன்னும் தெரியும்."

நான் கேட்டேன்: "அப்போ ஏன் சொல்லல?"

"நான் பஸ் ஏறிப் போயிருவேன். நீங்க இந்தத் தெருவுலயே இருக்கணும்லா?"

அன்றைக்கு எப்படி நடந்து கடைக்குத் திரும்பினேன் என்று தெரியாது. கம்பத்தில் சாயவில்லை. நடுவில் போய் நின்றேன். "பூட்ஸப் பட்டைத் தண்ணியில அவிச்சது நான்தான். அவர் ஒரு பைசா எடுக்கல. அவர் இருக்கட்டும்" என்றேன். பத்து வருடத்தில் அந்தக் கடையில் நான் சேர்ந்தாற்போல் பேசியது அவ்வளவுதான்.

எல்லோரும் டம்ளரோடு என் பக்கம் திரும்பினார்கள்.

"ஏலே, நீயா?" என்றார் வின்ச்காரர். "அது பூட்ஸா, இல்ல நண்டா, அவிச்சு எடுக்க?"

"அது இருக்கட்டும். கமிஷன்னு சத்தியம் பண்ணின வாயில இப்ப என்ன இருக்கு?" என்று கேட்டார் அண்ணாச்சி. வின்ச்காரர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனார்.

கோச் அந்த வருடம் முழுக்க இருந்தார். அடுத்த ஆட்டத்தை வெறுங்காலில் ஆடி அதையும் தோற்றோம். கடையில் அவரைத் திட்டுவது நிற்கவில்லை. ஆனால் திருடன் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. என்னை அன்றிலிருந்து 'பூட்ஸ் அவிச்சான்' என்றுதான் தெருவில் கூப்பிடுகிறார்கள். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறேன்.

1979 அக்டோபர் 14, தூத்துக்குடி.