மாமியின் படத்துக்கு ஒரு தாள்

மாமிக்கு இதயத்தில் ஒப்பரேஷன். திங்கட்கிழமை கொழும்புக்குப் போக வேண்டும். அதற்கு முன்னால் தன்னுடைய படம் ஒன்றைப் பெரிதாக அடித்துக் கண்ணாடி போட்டு வைக்கும்படி என்னிடம் சொல்லிவிட்டார். எதற்கென்று அவர் சொல்லவில்லை. இருவருக்கும் தெரியும். கத்தாரிலிருந்து என் கணவர் போன் எடுத்தபோது, அவருடைய அம்மா இப்படிக் கேட்டதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வவுணதீவில் பஸ் ஏறி டவுனுக்குப் போனேன். கொண்டுபோனது, போன பொங்கலுக்கு நான் போனில் எடுத்த படம். மாமி தனியாகக் கதிரையில் நிமிர்ந்து இருப்பார். ஸ்டூடியோவில் இருந்த பெண் அதைக் கணினியில் போட்டுப் பார்த்தாள்.

"பிறந்தநாளுக்கா அக்கா, இல்லாட்டி...?"

"வீட்டில மாட்ட" என்றேன்.

அவள் இரண்டு தாள்களில் உள்ளங்கையளவு மாதிரி அடித்துத் தந்தாள். மினுங்கும் குளோசித் தாளில் மாமியின் முகம் பளிச்சென்று, வயது குறைந்து இருந்தது. மற்றது தடித்த பருத்தித் தாள்; மினுக்கமே இல்லை. கண்ணுக்குக் கீழே கருமை, உதட்டின் வெளிறல், கழுத்து நரம்பு, எல்லாம் அதில் வந்திருந்தன.

"குளோசி வடிவாத்தான் இருக்கும். ஆனா நம்மட ஈரக்காத்துக்குக் கண்ணாடியோட ஒட்டிப் பிடிச்சிரும் அக்கா. மறுகா கழட்டினா முகம் உரிஞ்சு வந்திரும். பருத்தித் தாள் கனகாலம் நிக்கும்."

கனகாலம் நிற்கும் தாளைக் கேட்டால் நான் எதற்குத் தயாராகிறேன்? மற்றதைக் கேட்டால் அவர் முகம் உரிந்து போனாலும் பரவாயில்லை என்றாகிவிடுமா? அதுவும் நோயை இவ்வளவு தெளிவாகக் காட்டும் படத்தை ஒப்பரேஷனுக்குப் போகிறவரின் கையில் எப்படிக் கொடுப்பது? மகள் எச்சில் கையால் மாதிரியைப் பிடுங்கப் பார்த்தாள். எந்தத் தாள் என்று சொல்லாமல் இரண்டு மாதிரியையும் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். பஸ் பாலத்தில் ஏறும்போதுகூட, இறங்கித் திரும்பிப் போய் ஏதாவதொன்றைச் சொல்லிவிடலாமா என்று இருந்தது.

வீட்டில் மாமி குளோசியைத்தான் முதலில் எடுத்தார். "இது ஆருகா? எனக்குக் கலியாணம் பேசப் போறியா?"

சிரிக்கப் பயந்து நின்றேன். பருத்தித் தாளை யன்னல் பக்கம் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"இதுதான் நான். நெஞ்சு வருத்தக்காரி."

"வெளிச்சம் கூட்டித் தரச் சொல்லவா மாமி?"

"தாள் நல்ல தாள். படம்தான் சரியில்ல." மாதிரியை என்னிடம் நீட்டினார். "தனிய இருக்கன் பாரு. இப்பிடி ஒரு படத்தத்தானே மாலையப் போட்டு மாட்டுவாங்க."

அதற்காகத்தானே கேட்டீர்கள் என்று சொல்ல முடியுமா?

"பிள்ளையத் தாகா. மடியில வெச்சு இன்னொண்டு எடு. பச்சப்பிள்ள இருக்கிற படத்துக்கு ஆரும் மாலை போட மாட்டாங்க."

மகள் நெளிந்தாள். மாமி அவளை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டார். முதல் படம் கலங்கிவிட்டது. அடுத்ததில் மகள் வேறெங்கோ பார்த்தாள். மாமி நேராக என்னைப் பார்த்தார்.

"இது காணும், இனி எடுக்காத" என்றார் போனை வாங்கிப் பார்த்துவிட்டு. "அந்தத் தடிச்ச தாளிலயே அடிக்கச் சொல்லு. திங்கக்கிழமைக்குள்ள மாட்டிரு புள்ள. பாத்திட்டுத்தான் போவன்."