மொறிஸ் மைனரின் முன்கண்ணாடி

எங்களுக்குக் கலியாணம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. சண்டிலிப்பாயில் என் கணவரின் வீட்டிலிருந்து சுன்னாகத்திலுள்ள என் சின்னம்மா வீட்டுக்கு விருந்துக்குப் போகும் வழியில்தான் காரின் முன்கண்ணாடி உடைந்தது.

கார் எங்களுடையதல்ல. என் கணவரின் அண்ணருடையது. அவரைப் பெரியத்தான் என்று கூப்பிடவேண்டும் என்று எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். கூப்பிடுகிற துணிவுதான் வரவில்லை. கொழும்பில் ஒரு கந்தோரில் உத்தியோகம் பார்த்தார். கலியாணம் செய்யவில்லை, சிரிப்பதும் இல்லை. லீவில் வந்தால் ஓடுவதற்கென்று ஒரு சாம்பல் நிற மொறிஸ் மைனரை ஊரில் வைத்திருந்தார். மற்ற நாட்களில் அது கொட்டிலுக்குள் பழைய வேட்டி ஒன்றைப் போர்த்துக்கொண்டு நிற்கும். எங்கள் கலியாணத்துக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது சாவியைத் தம்பியின் கையில் வைத்து, "விருந்தெல்லாம் முடியுமட்டும் ஓடு. ஒரு கீறல் விழக்கூடாது, சொல்லிப்போட்டன்" என்றார். எனக்கு ஒரு தலையசைப்புக் கிடைத்தது.

கந்தரோடைப் பக்கம் றோட்டுப் போடுவதற்குக் கல் பரப்பியிருந்தார்கள். எங்களுக்கு முன்னால் வெங்காய மூட்டைகளோடு ஒரு லொறி போனது. அதன் ரயரிலிருந்து ஒரு கல் கிளம்பி வந்ததை நான் கண்ணால் கண்டேன். சோடாப் போத்தல் திறந்தது போல ஒரு சத்தம். அடுத்த கணம் கண்ணாடி முழுவதும் பாலாடை படர்ந்த மாதிரி வெள்ளையாகிவிட்டது. றோட்டும் இல்லை, லொறியும் இல்லை. இவர் பிரேக்கை மிதித்துக்கொண்டே கையை முறுக்கி ஒரு குத்து விட்டார். அவ்வளவுதான், கண்ணாடி முழுவதும் பொலபொலவென்று எங்கள் மடியில் கொட்டியது. கார் ஒரு புகையிலைத் தோட்டத்து ஓலை வேலியில் மூக்கை முட்டிக்கொண்டு நின்றது.

இருவருக்கும் ஒரு காயமில்லை. என் கூறைச்சேலை மடி நிறையக் கற்கண்டு மாதிரிக் கண்ணாடி. இவருடைய மீசையில் மட்டும் மூன்று நாலு மணிகள் வெயில் பட்டு மினுங்கிக்கொண்டிருந்தன. அதுவரைக்கும் இவருக்கு முன்னால் நான் சத்தமாகச் சிரித்ததில்லை. புதுப்பெண் அப்படிச் சிரிக்கக்கூடாது என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தா. எங்கிருந்து வந்ததோ தெரியாது, வயிறு நோகுமட்டும் சிரித்தேன்.

"இதென்ன, உமக்கு விசரே? அண்ணை என்னைக் கொல்லப்போறார், நீர் சிரிக்கிறீர்!" என்றார்.

"மீசையைத் தட்டுங்கோ" என்றேன்.

கண்ணாடியில் மீசையைப் பார்ப்பதற்குத் தலையை உயர்த்தினார். பின்னால் வருவதைப் பார்க்கிற சின்னக் கண்ணாடி சாய்ந்து வானத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. அவரும் சிரித்துவிட்டார்.

சின்னம்மா சேவல் அடித்துச் சமைத்து வைத்திருப்பா. போகாமல் இருக்க முடியாது. மடியை உதறிவிட்டு அப்படியே போனோம். முன்னால் கண்ணாடி இல்லாத காரில் போயிருக்காதவர்களுக்கு அது விளங்காது. காற்று ஆளை இருக்கையோடு சேர்த்து அமத்தும். அந்த வெங்காய லொறியை மறுபடி பிடித்தபோது சிவப்புச் சருகுகள் பூமாரி போல எங்கள் மேல் பொழிந்தன. தலையில் வைத்திருந்த கனகாம்பரம் பின்பக்கத்தால் பறந்து போனது. பேசுவதற்கு வாயைத் திறந்த இவர் ஒரு பூச்சியை விழுங்கிவிட்டார்.

வாசலில் எங்களைக் கண்ட சின்னம்மா கையிலிருந்த அகப்பையை விட்டுவிட்டா.

"என்ன கோதாரியடி இது? அடிபட்டுக்கொண்டு வாறியளோ?"

அடுத்த நாள் தொடக்கம் கண்ணாடி தேடும் படலம். வெளிநாட்டுச் சாமான் எதுவும் வராத காலம் அது. யாழ்ப்பாணப் பட்டினத்தில் உதிரிப்பாகம் விற்கிற கடைக்காரர்கள் மொறிஸ் மைனர் என்றதுமே கையை விரித்தார்கள். கடைசியில் சுன்னாகத்துக் கராஜ் ஒன்றில் ஒரு மெக்கானிக் அகப்பட்டார். முடியாது என்ற சொல்லே வாயில் வராத மனிதர்.

"ஒறிஜினல் எண்டால் கப்பல் வரவேணும். கப்பல் வாறேல்லை. நான் ஒண்டு செய்து தாறன், ஒறிஜினல் பிச்சை வாங்கவேணும்."

"அண்ணை கண்டுபிடிச்சிடுவார். ஒறிஜினல் கண்ணாடியிலை மூலையிலை சின்னன் சின்னனாய் எழுத்து இருக்கும்" என்றார் இவர்.

"எழுத்துத்தானே? அதுக்கும் ஒரு வழி பாப்பம்."

இவருக்கு மனம் ஒப்பவில்லை. ஒறிஜினல் கிடைத்தால் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். ஆனால் விருந்துகள் நிற்கவில்லை. இரண்டு பக்கத்துச் சொந்தமும் வரிசையில் நின்றது. பூச்சிக்குப் பயந்து, இவர் அந்த மெக்கானிக்கிடம் இரும்பு ஒட்டும்போது கண்ணுக்குப் போடுகிற கறுத்தக் கண்ணாடியை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டார். நான் சேலைத் தலைப்பால் முகத்தை மூடி முடிந்துகொண்டேன். றோட்டில் போகிறவர்கள் சைக்கிளை விட்டு இறங்கிப் பார்த்தார்கள்.

பண்டத்தரிப்பில் என் அம்மா வீட்டுக்குப் போன அன்று பாதி வழியில் மழை பிடித்தது. பின் இருக்கையில் ஒரு பெரிய குடை கிடந்தது. அதை எடுத்து, கண்ணாடி இருந்த இடைவெளியால் வெளியே நீட்டி விரித்தேன். எங்கள் மேல் மழை விழுவது நின்றது; றோட்டும் மறைந்தது.

"ஒண்டும் தெரியேல்லை!" என்று கத்தினார்.

"நான் சொல்லுறன், நீங்கள் ஓடுங்கோ" என்று, குடையின் ஓரத்தால் எட்டிப் பார்த்து வழி சொன்னேன். "இடப்பக்கம் கொஞ்சம்... ஆடு நிக்குது... ஆடு விலகிட்டுது... இப்ப நேரை விடுங்கோ." அந்தப் பதற்றத்தில் பழக்கதோஷத்தில் இவர் வைப்பரைப் போட்டுவிட்டார். துடைக்கக் கண்ணாடி இல்லாத இரண்டு வைப்பர்களும் குடையை டப், டப் என்று அடிக்கத் தொடங்கின. எனக்குச் சிரிப்பில் கை தளர்ந்தது. காற்று குடையை மறுபக்கம் புரட்டியது. அம்மா வீட்டுக்குப் போய் இறங்கும்போது நாங்கள் கேணியில் குளித்து வந்தவர்கள் போல இருந்தோம். அம்மா தலை துவட்டத் துவாய் தந்தபடி என்னை ஒரு மாதிரிப் பார்த்தா. கலியாணத்துக்கு முன் அழுதுகொண்டிருந்த பெண் இவள்தானா என்று யோசித்திருப்பா.

அந்தக் கிழமை தந்தி வந்தது. பெரியத்தான் லீவில் வருகிறார்.

இவர் அன்றைக்கே சுன்னாகத்துக்குக் காரைக் கொண்டு ஓடினார். மெக்கானிக் ஏற்கெனவே ஒரு பிளாஸ்ரிக் தகடு எடுத்து வைத்திருந்தார். ஏதோ ஒரு தேத்தண்ணிக் கடையின் பலகார அலுமாரிக்குக் கதவாக இருந்தது அது. அதைத் தணலில் வாட்டி, சாக்கால் பிடித்து வளைத்து, இடைவெளிக்கு அளவாக வெட்டி, றப்பர் வைத்துப் பூட்டினார். ஒரு மூலையில் 'சோடா' என்ற சிவப்பு எழுத்தில் பாதி அழியாமல் இருந்தது.

"மூலையிலை எழுத்து வேணுமெண்டு சொன்னியளல்லோ?" என்றார், நெஞ்சை நிமிர்த்தி.

தூரத்தில் பார்த்தால் கண்ணாடி மாதிரித்தான் இருந்தது. உள்ளே ஏறி இருந்தால்தான் விஷயம் தெரியும். தணல் கூடப் பட்ட இடத்தில் தகடு அலை அலையாய் நெளிந்திருந்தது. தந்திக் கம்பங்கள் பாம்பு மாதிரி வளைந்து வந்தன. எதிரே வருகிற ஆளுக்கு முதலில் தலை பெருக்கும், பிறகு வயிறு பெருக்கும், கிட்ட வந்ததும் கால் இரண்டும் முழங்காலோடு கழன்று தனியாக நடக்கும்.

சுன்னாகம் ஸ்ரேசனுக்கு அந்தக் காரில்தான் போனோம். ரெயினால் இறங்கிய பெரியத்தான் காரைச் சுற்றி ஒருதரம் நடந்தார். கீறல் இல்லை. திருப்தியாக முன் இருக்கையில் ஏறினார். நான் பின்னால் இருந்தேன், கைலேஞ்சித் துணியை வாய்க்குள் அடைத்துக்கொண்டு.

கொஞ்சத் தூரம் போனதும் அவர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டுப் பார்த்தார். மறுபடி கழற்றித் துடைத்தார்.

"தம்பி, மெல்லப் போ. முன்னாலை மாடு."

"கண்டிட்டன் அண்ணை."

"என்ன மாடடா உது, உவ்வளவு நீளம்?"

"எங்கடை ஊர் மாடுதானே" என்றார் இவர்.

மாடு ஒரு கணம் பஸ் நீளத்துக்கு இழுபட்டு, பிறகு ஆட்டுக்குட்டியளவு சுருங்கி, பக்கத்தால் கடந்து போனது. அதன் பின்னால் ஒருவர் சைக்கிளில் இரண்டு தலையோடு வந்தார். பெரியத்தான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

"எனக்குக் கண் பிழைச்சுப் போச்சு. ரெயினிலையே ஒரு மாதிரித்தான் இருந்தது. கண்ணாடி மாத்திற காலம் வந்திட்டுது போலை" என்றார், மிகுந்த துக்கத்தோடு.

என்னால் தாங்க முடியவில்லை. கைலேஞ்சியை வாயிலிருந்து எடுத்தேன்.

"ஓம் பெரியத்தான், மாத்தத்தான் வேணும். ஆனால் உங்கடையை இல்லை, காரின்ரையை."

அதுதான் நான் அவரோடு கதைத்த முதல் வார்த்தை. அவர் கையை நீட்டி விரலால் முன்னுக்குத் தட்டினார். கண்ணாடிச் சத்தம் வரவில்லை. வாளியில் தட்டுவது போல 'தொக், தொக்' என்றது.

"நிப்பாட்டு" என்றார்.

இவர் நிறுத்தினார். பெரியத்தான் இறங்கி, காருக்கு முன்னால் போய் நின்று, குனிந்து எங்களைப் பார்த்தார். எங்கள் முகம் அவருக்கு எப்படித் தெரிந்ததோ தெரியாது. அவருடைய முகம் எங்களுக்குப் பூசணிக்காய் மாதிரி அகன்று, வாய் காதிலிருந்து காது வரைக்கும் போனது. பிளாஸ்ரிக்தான் அப்படிக் காட்டுகிறதென்று நினைத்தேன். பிறகு சத்தம் கேட்டது. அவர் உண்மையாகவே சிரித்துக்கொண்டிருந்தார். மதகுக் கட்டில் குந்திக்கொண்டு, தொடையில் அடித்து அடித்துச் சிரித்தார். "இறங்கடா, இறங்கு! உன்ரை முகத்தை ஒருக்கால் வந்து பார்" என்றார். ஆள் மாறி ஆள் உள்ளே இருந்தும் வெளியே நின்றும் பார்த்தோம். பெரியத்தான் தன் மூக்கைத் தகட்டில் ஒட்டவைத்தபோது நான் சிரிப்புத் தாங்காமல் றோட்டோரப் புல்லில் குந்திவிட்டேன். அந்த வழியால் வந்த ஒரு தபால்காரரும் சைக்கிளைச் சாத்திவிட்டு ஒருதரம் ஏறிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

சிரித்து முடிந்ததும் அவர் பழைய பெரியத்தான் ஆகிவிட்டார். "எண்டாலும் ஒறிஜினல்தான் போடவேணும்" என்றார்.

தேடினோம். மெக்கானிக்கே வழி சொன்னார். பண்டத்தரிப்புக்கு அங்கால் ஒரு மிளகாய்த் தோட்டக்காரர் வீட்டில் ஓடாத மொறிஸ் மைனர் ஒன்று வேப்பமரத்துக்குக் கீழே நிற்கிறதாம். மூன்று பேரும் போனோம், மெக்கானிக்கையும் ஏற்றிக்கொண்டு. ரயர் இல்லை, கதவு ஒன்று இல்லை. முன்கண்ணாடி மட்டும் தூசுக்குக் கீழே முழுசாக இருந்தது. மூலையில் அந்தச் சின்ன எழுத்துகளும் இருந்தன. பெரியத்தான் அதைக் கைலேஞ்சியால் துடைத்து வாசித்துவிட்டு, "ஒறிஜினல்" என்று கோயிலில் சொல்வது போல மெதுவாகச் சொன்னார்.

வீட்டுக்கார அம்மா குசினி அடுப்பை விட்டு ஓடி வந்தா. "தொடாதையுங்கோ! உள்ளுக்கை கோழி அடை கிடக்குது."

சாரதி இருக்கையில், வைக்கோலுக்கு நடுவில், ஒரு செம்மண் நிறக் கோழி இருந்து எங்களை முறைத்தது. அந்தக் கண்ணாடியைக் கழற்றுவதென்றால் ஆள் அதே இருக்கையில் இருந்து காலால் உள்ளேயிருந்து தள்ளவேண்டும். கோழி எழும்பாது. எழுப்ப அந்த அம்மா விடமாட்டா.

"இண்டைக்கு நாளைக்குப் பொரிக்கும். பொறுங்கோ."

அது பொரிக்கவில்லை. கந்தோரில் பெரிய ஆளான பெரியத்தான் காலையில் தேத்தண்ணி குடித்த கையோடு நெளிகிற தகட்டினூடாகக் கண்ணைச் சுருக்கிப் பார்த்து ஓடிக்கொண்டு போய், கோழியின் நலம் விசாரித்துவிட்டு வருவார். எங்களையும் கூட்டிப் போவார். கோழிக்குப் பிடிக்கும் என்று நான் சொன்னதால் ஒருநாள் குரக்கன் தானியம் கொண்டுபோனார். லீவு முடியப் போகிற நேரம் ஒரு காலையில் அந்த அம்மா வேலிக்கு வெளியிலேயே நின்று கையைக் காட்டினா.

"வந்திட்டுதுகள்! வந்திட்டுதுகள்!"

பெரியத்தான் காரை ஒழுங்காக நிறுத்தவும் இல்லை, இறங்கி ஓடினார்.

குஞ்சுகளை ஓலைக் கடகத்தில் போட்டு எடுத்தபின் மெக்கானிக் உள்ளே படுத்து இரண்டு காலாலும் தள்ளினார். பழைய றப்பர் பிய்ந்து, கண்ணாடி வெளியே நின்ற இவருடைய கைகளில் விழுந்தது. எங்கள் காரில் பூட்டுவதுதான் பெரிய பாடு. றப்பரின் விளிம்புக்குள் சுற்றிவரக் கயிறு கொடுத்து, வெளியே இரண்டு பேர் அமத்த, உள்ளே ஒருவர் கயிற்றை இழுக்கவேண்டும். கயிறு இழுக்க என்னை விட்டார்கள். "இழு பிள்ளை, இழு! விடாதை!" என்று பெரியத்தான் கண்ணாடிக்கு மேல் கிடந்து கத்தினார். கயிற்றின் கடைசி நுனி கையோடு வர, 'பொக்' என்று கண்ணாடி இடத்தில் இருந்தது. நான் பின்பக்கமாகச் சரிந்து கால் மேலே போனது. அதை நினைத்து வெட்கப்பட எனக்கு நேரம் இல்லை. எல்லோரும் கைதட்டினார்கள்.

கண்ணாடிக்கு என்ன தரவேண்டும் என்று கேட்டபோது அந்த அம்மா கழற்றிப் போட்ட பிளாஸ்ரிக்கைக் காட்டினா. "உதை என்ரை காரிலை பூட்டிவிடுங்கோ. மழைக்குக் கோழி நனையாது."

மெக்கானிக் அதையும் பூட்டினார். அந்த அம்மா கை துடைத்துக்கொண்டு எங்கள் கார்ப் பக்கம் வந்தா.

"தம்பியவை, ஒண்டு கேட்டால் குறை நினைக்கக்கூடாது. என்ரை மனுசன் எங்கடை காரை வாங்கி மூண்டு தரந்தான் ஓடினவர். ஒருக்காலும் என்னை ஏத்தேல்லை. ஏத்துறதுக்கிடையிலை அது படுத்திட்டுது. உங்கடை காரிலை ஒருக்கால் சந்திமட்டும் போய் வருவமே?"

பெரியத்தான் முன்கதவைத் திறந்து பிடித்தார். நாங்கள் பின்னால் நெருங்கி இருந்தோம். நேர் றோட்டு, நேரான பனைகள், நேரான மனிதர்கள். சந்திக்குக் கிட்டப் போனதும் அவர் வேகத்தைக் குறைத்தார்.

"ஏன் குறைக்கிறியள்?" என்று அந்த அம்மா யன்னலால் தலையை வெளியே போட்டபடி கேட்டா. "என்ரை அண்ணை வீடு வருது. ஹோர்னை நல்லா அடியுங்கோ, தம்பி. அவையள் எல்லாரும் வெளியிலை வரவேணும்!"

பெரியத்தான் அடித்தார். கையை எடுக்காமல் அடித்தார்.